பாதுகாவலர் பெயர்

"மொமேனாவா? காலையிலேயே டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்களே" என்று நர்ஸ் சகுந்தலா சொன்னபோது என் கையில் அவளுக்கு வாங்கிய இளநீர் இருந்தது. தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது.

மொமேனா வங்காளத்திலிருந்து நடவு வேலைக்கு வந்தவள். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர்ப் பக்கம் இப்போது நாற்று நடுவதெல்லாம் அவர்கள்தான். காலையில் மருந்தடித்த நாற்றங்காலில் அன்றைக்கே நாற்றுப் பறிக்க இறக்கிவிட்டான், அவர்களைக் கூட்டிவந்த ஏஜென்ட் பிரவீன்ராஜ். மத்தியானம் நுரை தள்ளிச் சுருண்டு விழுந்தாள். எங்கள் பங்குத் தேவாலயச் சேவைக்குழுதான் ஆட்டோவில் அள்ளிப்போட்டுப் புத்தூர் பெரியாஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தது. நான் கைலாசபுரத்தில், தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். அக்கம்பக்கமெல்லாம் வடக்கத்திக் குடும்பங்கள் என்பதால் ஹிந்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. குழுவில் இவர்களோடு பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். இவர்களுக்கு நான் தீதி, அக்கா.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கணும், மூச்சுத் திணறல் திரும்ப வரலாம்னு டாக்டர் சொன்னாரே! யாரு கூட்டிட்டுப் போனது?"

"டாக்டரும் வேண்டாம்னுதாங்க சொன்னாரு. சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறேன்னு அவங்க பாதுகாவலர் கையெழுத்துப் போட்டுட்டாரு. ஹவுரா ரயில்ல ஏத்திவிடப் போறதா போன்ல பேசிட்டிருந்தாரு. பாதுகாவலரே கேக்கறப்ப நாங்க என்னங்க பண்றது?"

ஃபைலைத் திருப்பிக் காட்டினார். பாதுகாவலர்: பிரவீன்ராஜ். பக்கத்தில் அவன் நம்பர். எழுதியது நான்.

எங்கள் குழுவில் அதுதான் வழக்கம். எந்தத் தொழிலாளியைச் சேர்த்தாலும் அந்தக் கட்டத்தில் ஏஜென்ட் பெயரை எழுதிவிடுவோம். அவன் போனை உடனே எடுப்பான், தமிழில் பதில் சொல்வான், நமக்கு அலைச்சல் மிச்சம். விஷத்தில் இறக்கியவனையே காவலனாக்கிவிட்டு, சேவை செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். வெட்கங்கெட்டவள்.

ஜங்ஷனுக்கு ஆட்டோவில் போகும்போதே குழுத் தலைவர் ஸ்தனிஸ்லாஸ் சாரைக் கூப்பிட்டேன்.

"எப்பவும் அப்படித்தானேம்மா எழுதறோம்? அவரைப் பகைச்சுக்கிட்டா நாளைக்கு நம்மள வயலுக்குள்ளயே விடமாட்டாரு அனிஷா. கோபப்படாதே."

"படுவேன் சார்" என்று போனை வைத்தேன்.

ஜங்ஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. மொமேனா பெஞ்சில் சாய்ந்திருந்தாள். ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரிகூடப் பிரிக்கவில்லை. பிரவீன்ராஜ் அவள் மூட்டையோடு எழுந்து சிரித்தான்.

"வாங்க மேடம். அவங்களேதான் ஊருக்குப் போறேன்னாங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க."

அவன் சட்டையைப் பிடிக்கத் துடித்த கையை அடக்கிக்கொண்டு அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். ஹிந்தியில் கேட்டேன்.

"நீங்களாவா போறேன்னு சொன்னீங்க?"

தலையாட்டினாள்.

"ஏன்?"

அவளுக்கு மூச்சு இழுத்தது. விட்டுவிட்டுச் சொன்னாள். "நீங்க போகச் சொன்னீங்களாமே, தீதி. ஆஸ்பத்திரியில ஃபாரத்தைக் காட்டினார். இதோ அனிஷா தீதியே எழுதிக் கொடுத்திருக்காங்கன்னார். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனா நீங்க எழுதறதைப் பார்த்தேனே. தீதி சொன்னா நல்லதுக்குத்தான்னு கிளம்பிட்டேன்."

 அடுத்த நொடி பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "மூட்டையைக் கீழ வைடா!"

"மேடம், மரியாதையாப் பேசுங்க. ஃபாரத்துல என் பேருதான் இருக்கு. இந்தம்மாவுக்கு நான்தான் பொறுப்பு. ஆஸ்பத்திரிக்கே நீங்க எழுதிக் கொடுத்தது."

"எழுதினது என் தப்பு. அதை எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். போலீஸைக் கூப்பிடு, அங்கேயும் சொல்றேன். நாற்றங்கால்ல என்ன மருந்து அடிச்சேன்னு நீ சொல்லு."

சுற்றிலும் ஆள் சேர்ந்தது. அவன் மூட்டையை வைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

மொமேனாவிடம் திரும்பினேன். "நான் போகச் சொல்லலை. அது பொய். உங்களுக்கு என்ன வேணும்? நீங்க சொல்லுங்க."

மூன்று நாளாக அவளிடம் எவ்வளவோ பேசியிருக்கிறேன். எங்கே வலிக்கிறது, மாத்திரை போட்டீர்களா, ஆதார் எங்கே. இதை மட்டும் கேட்டதில்லை.

அவள் ரயிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"முதல்ல மூச்சு விடணும், தீதி" என்று என் தோளைப் பிடித்து எழுந்து, வெளிவாசல் பக்கம் திரும்பினாள்.