மூலையில் ஒரு பச்சைப் புள்ளி

சும்மா கிடைக்கிறது என்று யாராவது சொன்னாலே நான் நம்பமாட்டேன். தக்காளி வாங்கும்போதுகூட அடியில் இருப்பதைப் புரட்டிப் பார்க்கிறவள் நான். காய்கறிக் கடைக்காரர் என்னைக் கண்டால் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். அப்படிப்பட்டவளின் கம்ப்யூட்டரில் எழுத ஒன்று, படம் வரைய ஒன்று, வைரஸ் பிடிக்க ஒன்று என்று வரிசையாக ஏற்றிவிட்டு, எல்லாமே இலவசம் என்று கொழுந்தன் பல்லைக் காட்டியபோது நான் டீ போடக்கூட எழுந்திருக்கவில்லை.

கொழுந்தன் என் வீட்டுக்காரருக்கு ஒரே தம்பி. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். நகத்திடுக்கில் எப்போதும் கொஞ்சம் மை இருக்கும். எவன் சும்மா கொடுப்பான் என்று அவனைக் குடைந்தேன். ஊர் ஊராக ஆட்கள் சேர்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள் என்றான். நல்ல கதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எனக்கு வேறு வழியும் இல்லை. நான் வீட்டிலிருந்தே ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றுக்கு அளவுப் படம் வரைந்து கொடுக்கிறேன். சட்டையின் கை, கழுத்து, முதுகு என்று தனித்தனியாக அளவோடு வரைந்து அனுப்பினால், அங்கே கட்டிங் மாஸ்டர் அதைப் பார்த்துத் துணியை வெட்டுவார். அதற்கு நான் வைத்திருந்த பழைய சாஃப்ட்வேர் பாதிக் கையோடு நின்றுபோகும். புதியது வாங்கும் வசதி இல்லை. கொழுந்தன் கொடுத்த இலவசச் சரக்கோ, குறை சொல்ல முடியாதபடி ஓடியது. அதுவே எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது.

போகிற போக்கில் அவன் சொல்லிவிட்டுப் போனவை எல்லாம் நல்ல யோசனைகள்தான், அதை மறைக்க மாட்டேன். எதையாவது ஏற்றும்போது படிக்காமல் ‘அடுத்து, அடுத்து’ என்று அமுக்கிக்கொண்டே போகக் கூடாது, நடுவில் ஒரு கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைத்திருப்பார்கள், அதை எடுக்காவிட்டால் வேண்டாத விருந்தாளி நாலு பேர் கூடவே வந்துவிடுவார்கள் என்றான். கண்ட இடத்திலிருந்து இறக்காமல், செய்தவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்கச் சொன்னான். மெஷின் அடம் பிடித்தால் திட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை அணைத்துப் போடச் சொன்னான். வரைந்த படங்களுக்கு வெளியே தனியாக ஒரு நகல் இருக்கட்டும் என்று பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றையும் கொண்டுவந்து செருகினான்.

கடைசியாக இன்னொன்றையும் ஏற்றினான். எனக்குக் கோளாறு வந்தால் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவர வேண்டாமாம், அங்கிருந்தபடியே, கையிலிருக்கும் போனிலிருந்துகூட, என் திரையைப் பார்த்து, என் மவுஸை அவனே நகர்த்திச் சரி செய்துவிடலாமாம். யாராவது அப்படி உள்ளே வந்தால் திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும் என்று காட்டினான். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஊரிலிருந்து வந்திருந்த என் வீட்டுக்காரர், இருக்கட்டுமே, ஆத்திர அவசரத்துக்கு ஆகும் என்று சொல்லிவிட்டார். அவருக்கு வேறு ஊரில் மின் நிலையத்தில் வேலை. மாதத்துக்கு இரண்டு முறை வருவார். அவர் சொன்ன பிறகு நான் என்ன சொல்வது?

சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் மதியம், துணி உலர்த்திவிட்டு ஈரக் கையோடு வந்து பார்த்தால், நான் வரைந்துகொண்டிருந்த காலர் படத்துக்கு மேலே என் மெசேஜ் பக்கம் திறந்து கிடந்தது. நான் திறக்கவில்லை. மூலையில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது.

அதிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன். அடுப்படியில் இருப்பதுபோலப் பாத்திரத்தை உருட்டிவிட்டு, கதவிடுக்கு வழியாகத் திரையைப் பார்ப்பேன். மறுபடியும் வந்தது. மவுஸ் அம்பு தானாக ஊர்ந்து போய், எனக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் நடந்த பேச்சைத் திறந்து மேலே மேலே ஏற்றியது. அந்தப் பேச்சில் என்ன இருக்கிறது? கைக்குழியைக் கால் அங்குலம் இறக்குங்கள், முதுகு இழுக்கிறது, பட்டன் பட்டி கோணல். ஒரே ஒரு இடத்தில் அவர், நீங்கள் இல்லாவிட்டால் இந்த ஆர்டர் தேறியிருக்காது மேடம் என்று எழுதியிருந்தார். அம்பு அந்த வரியில் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

கொழுந்தன்தான், வேறு யார்? கூடப்பிறந்தவனைப் போல நினைத்திருந்தேன். அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவள் நான். அவனா என் பேச்சை எட்டிப் பார்க்கிறான் என்று நினைக்க நினைக்க மண்டை காய்ந்தது. நேராகக் கேட்டால் இல்லை என்று சாதிப்பான். சாஃப்ட்வேரை எடுத்துவிட்டால் உஷாராகிவிடுவான். குடும்பத்தில் பேச்சு வளர்ந்து, கடைசியில் சொன்னவள்தான் கெட்டவள் ஆவாள்.

வீட்டுக்காரரிடம் மட்டும் போனில் லேசாகப் போட்டுப் பார்த்தேன். தம்பி நம் கம்ப்யூட்டருக்குள் அடிக்கடி வந்து போகிற மாதிரி இருக்கிறது என்றேன். அவர் சொன்னார்: “இருக்கும். சின்ன வயசுலேருந்தே அவன் குணம் அப்படித்தான். நீ கண்டுக்காத மாதிரி இரு.”

கண்டுக்காமல் இருக்க என்னால் முடியாது. கையும் களவுமாகப் பிடிக்காவிட்டாலும், முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது என்று பொய் சொல்லி ஒரு மதியம் கொழுந்தனை வரவழைத்தேன். வந்தான். பிரிண்டரைத் திறந்து பார்த்தான். பேப்பர் ஒன்றும் இல்லையே என்று என்னைப் பார்த்தான். உட்காரச் சொல்லி, அவன் போனை மேஜை மேல் வைக்கச் சொன்னேன். வைத்தான்.

“என் மெசேஜையெல்லாம் எதுக்குப் படிக்கறீங்க தம்பி?”

அவன் முதலில் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் முகம் செத்துப் போனது. சத்தியமாக இல்லை என்றான். ஏற்றிக் கொடுத்த நாளுக்குப் பிறகு ஒரு தடவைகூட உள்ளே வந்ததில்லை என்றான். நான் விடவில்லை. பார்த்த நாளையெல்லாம் சொல்லிக் கேட்டேன். அதில் ஒரு நாள் அவன் பல் பிடுங்கிக்கொண்டு கடைக்கே போகாமல் படுத்திருந்தானாம். பல் வலிக்காரனுக்குப் போன் பார்க்க முடியாதா என்று மடக்கினேன். அவன் கண் கலங்கிவிட்டது. பதில் சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நிறுத்திவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

திரும்பினேன். பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அம்பு நகர்ந்தது. எங்கள் இரண்டு பேர் கண்முன்னாலேயே போய் மெசேஜ் பக்கத்தைத் திறந்தது. கொழுந்தனின் கை இரண்டும் மடியில் இருந்தன. போன் மேஜை மேல் கிடந்தது.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான். உள்ளே வர இரண்டு விஷயம் தெரிய வேண்டுமாம். ஒன்று இந்த மெஷினின் எண். அதை அன்றைக்கே, எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணன் கேட்டுக் குறித்துக்கொண்டாராம். இன்னொன்று பாஸ்வேர்டு.

“அத நான் யாருக்கும் சொல்லல அண்ணி. ஆனா சொல்லவும் வேண்டாம். எங்க வீட்ல எதுக்குப் பாஸ்வேர்டு வெச்சாலும் அப்பாவோட பழைய ஸ்கூட்டர் நம்பரத்தான் வெப்போம். பழக்கத்துல அதையே போட்டுட்டேன்.”

மாமனார் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. அந்த ஸ்கூட்டர் இரும்புக் கடைக்குப் போய் அதற்கும் மேலே ஆகிறது. அதன் எண்ணை மனப்பாடமாக வைத்திருக்க அவருடைய இரண்டு மகன்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? ஒருவன் என் எதிரில் உட்கார்ந்திருந்தான். சின்ன வயதிலிருந்தே அவன் குணம் அப்படித்தான் என்று எனக்குச் சொன்னவர் இன்னொருவர்.

அந்த நிமிஷம்கூட எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அவர் நல்லவர். சம்பளத்தை மறைக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். ஊருக்குக் கிளம்பும்போது கேஸை மூடினாயா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவார். அந்த மனிதர் ஒரு மேடம் என்ற சொல்லை அவ்வளவு நேரம் வெறித்துக்கொண்டிருந்தார் என்றால், என்னைப் பற்றி எத்தனை நாளாக என்னென்ன நினைத்துக்கொண்டிருந்தார்? போன முறை வந்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோதும் இதே நினைப்பா?

கொழுந்தன் நெட் ஒயரைப் பிடுங்கிவிடலாம் என்று எழுந்தான். வேண்டாம் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மவுஸைப் பிடித்து, எழுதுவதற்கு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தேன். அவர் கையிலிருந்த அம்பு என் கைக்கு வந்தது. இரண்டே சொல் தட்டினேன்.

‘யார் இது?’

யார் என்று எனக்குத் தெரியும். அவர் வாயால் வரட்டும் என்று இருந்தேன். ‘நான்தான்’ என்று ஒரு வார்த்தை அங்கே விழுந்திருந்தால், கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், அப்புறம் எப்படியாவது தேற்றிக்கொண்டிருப்பேன். நடுப் பக்கத்தில் எழுத்துக்கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சைப் புள்ளி அணைந்தது.

உடனே போன் அடித்தது. என்னுடையது இல்லை. மேஜை மேல் கிடந்த கொழுந்தனின் போன். திரையில் ‘அண்ணன்’ என்று வந்தது. அவன் பேயறைந்தவனைப் போல என்னைப் பார்த்தான். எடுங்க, ஸ்பீக்கர்ல போடுங்க என்று சைகை காட்டினேன்.

“டேய், எங்கடா இருக்கே, கடையிலதானே? ஒண்ணுமில்ல, உங்க அண்ணி இப்ப உனக்குப் போன் பண்ணுவா. கம்ப்யூட்டர்ல வந்தது யாருன்னு கேப்பா. நீதான்னு சொல்லிடு. டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்னு சொல்லு, வேற ஏதாவது சொல்லு. நீன்னா ரெண்டு நாள் திட்டிட்டு விட்டுடுவா. நானா இருந்தா...”

அங்கேயே நிறுத்திவிட்டார். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டு போனை என் பக்கம் தள்ளினான். அதை எடுத்து வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டேன்.

“சொல்லி முடிங்க,” என்றேன். “நீங்களா இருந்தா?”