மெத்தைக் கடை கொடுத்த படிப்பு

பயிற்சி முகாமின் கடைசி நாளன்று கோச் டீட்ஸ் மொத்த அணியையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னார். எல்லோரும் உட்கார்ந்ததும் மைலோ ஸ்டக்கியை மட்டும் எழுந்து நிற்க வைத்தார்.

"ராத்திரி விடுதியை விட்டு வெளிய போனது நீதானே?"

"நான் இல்ல கோச். நான் தூங்கிட்டு இருந்தேன்."

"பொய் வேற. உன் மேல புகார் வந்திருக்கு. இந்தா கவர். எல்லாருக்கும் கேக்குற மாதிரி நீயே படி."

மைலோ கவரைப் பிரித்தான். அவன் படிப்புச் செலவு முழுவதும் இனிக் கட்டப்படும் என்ற முதல் இரண்டு வரியைப் படித்தான். மூன்றாவது வரியைத் தொடங்கினான். அதற்குள் அறையே எழுந்து அவன் மேல் விழுந்தது. நூறு கிலோவுக்குக் குறையாத பையன்கள் கத்திக்கொண்டு அவனைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். மூலையில் ஒரு கேமரா எல்லாவற்றையும் படம்பிடித்துக்கொண்டிருந்தது. கோச் தன் போனையே கொடுத்து, அவன் அம்மாவை அழைத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரங்கள் உருளும் சத்தத்துக்கு நடுவே அந்த அம்மாள் அழுதது எல்லோருக்கும் கேட்டது.

எங்கள் பக்கத்தில் நல்ல செய்தியை இப்படித்தான் சொல்வார்கள், முதலில் பயமுறுத்திவிட்டு. கான்சாஸில் இதைப் பார்க்காத வீடு கிடையாது. இங்கே கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி மோதும் அமெரிக்க ஆட்டம், உதைப்பதற்கென்று தனியாக ஒருவன் இருப்பான். அணியில் இரண்டு வகைப் பையன்கள் உண்டு. கல்லூரியே தேடிப்போய் அழைத்து வந்தவர்களுக்குப் படிப்பு, அறை, சாப்பாடு எல்லாம் கல்லூரிச் செலவு. மற்றவர்கள் சொந்தச் செலவில் படித்துக்கொண்டு, எங்களையும் ஆட விடுங்கள் என்று கேட்டுச் சேர்ந்தவர்கள். இந்த இரண்டாம் வகைப் பையன் ஒருவனுக்கு ஒருநாள் திடீரென்று ஸ்காலர்ஷிப் கொடுத்து, அவன் அழுவதைப் படம்பிடித்து ஊருக்குக் காட்டுவது பழக்கம். அதனால் மைலோவின் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அவனுக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது என்றே நினைத்தார்கள். மைலோவும் அப்படித்தான் நினைத்தான்.

கவரில் இருந்தது ஸ்காலர்ஷிப் இல்லை, விளம்பர ஒப்பந்தம்.

பெல்வெதர் ஊரில் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருப்பவன் நான். பெனிக் மெத்தை மாளிகையின் தீ, திருட்டு, லாரி எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் பாலிசி. அதனால் கையெழுத்தாகும் முன்பே கடை முதலாளி டெல்மர் பெனிக் அந்த ஒப்பந்தத்தை என்னிடம் காட்டினார். நேர்த்தியான ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. கல்லூரி ஆட்டக்காரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று விதி மாறிய பிறகு எங்கள் கோச் கண்டுபிடித்த வழி அது. அவர் கையில் இருக்கும் ஸ்காலர்ஷிப்களுக்கு ஒரு வரம்பு உண்டு. பந்தை உதைக்க மட்டும் இறங்கும் மைலோ மாதிரி ஒல்லிப் பையனுக்கு அதில் ஒன்றைக் கொடுத்து வீணாக்குவானேன்? அவன் படிப்புச் செலவை மெத்தைக் கடை கட்டட்டும், பதிலுக்கு அவன் பெயரையும் முகத்தையும் எடுத்துக்கொள்ளட்டும். மிச்சமாகும் ஸ்காலர்ஷிப்பைக் காட்டி டெக்சஸிலிருந்து மலை மாதிரி ஒரு பையனைத் தூக்கி வரலாம்.

கையில் வருகிற பணம் இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. மோசமாக ஆடினான் என்பதற்காக ஸ்காலர்ஷிப்பைப் பறிக்க எங்கள் லீக்கின் விதி விடாது. மெத்தைக் கடைக்கு அப்படி ஒரு விதியும் இல்லை. அணியின் பட்டியலில் மைலோ பெயர் இருக்கும் வரைதான் ஒப்பந்தம் செல்லும். ஆனால் எடுத்த படங்களைக் கடை எப்போதும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஒரே வாரத்தில் நெடுஞ்சாலையில் பெரிய பலகை ஏறியது. அணிச் சீருடையில் மைலோ ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். "மைலோ தவறவிட மாட்டான். இந்தத் தள்ளுபடியை நீங்களும் தவறவிடாதீர்கள்." நவம்பர் வரை அவன் தவறவிடவும் இல்லை.

நவம்பரில் எங்கள் பரம எதிரியான கிளேடன் கல்லூரியுடன் ஆட்டம் வந்தது. மற்ற எல்லா ஆட்டத்திலும் தோற்று கிளேடனை மட்டும் ஜெயித்தால் எங்கள் ஊருக்கு அது நல்ல வருடம். இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். கடைசி உதை ஒன்றுதான் பாக்கி. இரண்டு மஞ்சள் கம்பங்களுக்கு நடுவே பந்து போனால் மூன்று புள்ளி.

அந்த உதை வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு ஆளின் வேலை. உண்மையில் அதில் மூன்று பேர் உண்டு. ஒருவன் குனிந்து, கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிகிறான். இன்னொருவன் முட்டி போட்டு அதைப் பிடித்து, புல்லில் குறித்த இடத்தில் நிறுத்தி, உச்சியில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொள்கிறான். உதைப்பவன் பந்து நிற்கும் வரை காத்திருப்பதில்லை. காத்திருந்தால் எதிராளிகள் வந்து அமுக்கிவிடுவார்கள். பந்து வந்து சேரும்போதே ஓடத் தொடங்குகிறான், வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டு. தன் கால் போய்ச் சேரும்போது பந்து அங்கே இருக்கும் என்ற நம்பிக்கைதான். நாள் முழுக்கப் பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

அன்று முட்டி போட்டவன் க்ரேடி வால்ஷ். கல்லூரி அழைத்து வந்தவன், மைலோவின் அறைத் தோழன். பந்து வந்தது. குளிரில் க்ரேடியின் விரல் ஒருகணம் தடுமாறியது. குறித்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தான். மைலோவின் கால் பந்தின் மேல்பாகத்தில் பட்டது. பந்து தாழ்வாகக் கிளம்பி வலப்பக்கக் கம்பத்துக்கு வெளியே போய் விழுந்தது. ஒரு சாண் தூரத்தை அரங்கத்திலிருந்து யாரும் பார்க்க முடியாது, டிவியிலும் தெரியாது.

மைலோ தன் மார்பில் இரண்டு முறை தட்டிக்கொண்டு வெளியே நடந்தான். என் தப்பு என்று அர்த்தம். உதைக்கிறவர்களுடைய வழக்கம் அது. பந்தை நிறுத்துகிறவனை ஒருபோதும் காட்டிக்கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவன் விரலில் பயம் புகுந்துவிடும். பயந்த விரல் அடுத்த உதையையும் கெடுக்கும். செய்தியாளர்கள் கேட்டபோதும் மைலோ, "நான்தான் ஒழுங்கா உதைக்கல. க்ரேடி சரியாத்தான் வச்சான்" என்றான். பக்கத்தில் நின்ற க்ரேடி ஷூ கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை லோர்னாவின் உணவகத்தில் எல்லா மேசையிலும் இதே பேச்சு. ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஆர்வில், எங்கள் ஊர் வழக்கப்படி மிளகாய் சூப்பில் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அந்தப் பலகையில இருக்கிற மூஞ்சிய ராத்திரியே போய் முட்டையால அடிச்சுட்டு வந்தேன். ஒரு டஜன். ஒண்ணுகூட குறி தப்பல."

"வெக்கமா இல்ல உனக்கு? பேரன் வயசுப் பையன்யா அது" என்றாள் லோர்னா.

"முன்னாடின்னா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன். சும்மா ஆடுற பையன், பாவம்னு விட்டுருப்போம். இப்பதான் காசு வாங்குறானே? காசு வாங்கினா அவன் வேலைக்காரன். வேலை சரியில்லன்னா திட்டாம கொஞ்சுவாங்களா?"

"அரங்கத்துல அவனுங்க உழைப்புல எல்லாரும் சம்பாதிக்கிறாங்க. கோச்சு வீட்டைப் பாத்திருக்கியா? அந்தப் பையன் மட்டும் வாங்கக் கூடாதா?"

"வாங்கட்டும் லோர்னா. நான் வேணாம்னா சொன்னேன்? அவன் வாங்கினதுக்கு அப்புறம்தான் எனக்கு நிம்மதியா திட்ட முடியுது."

உணவகமே சிரித்தது. கையில் காபி ஜாடியோடு நின்ற லோர்னாவும் சிரித்துவிட்டாள்.

மைலோவின் போனில் நேரடியாகப் பணம் அனுப்புகிற செயலி ஒன்று இருந்தது. ஆட்டம் பார்த்த செலவைத் திருப்பித் தா என்று ஆயிரக்கணக்கானவர்கள் அதில் கேட்டு எழுதினார்கள். டிக்கெட், பெட்ரோல், ஒருவருக்குப் பல் உடைந்த செலவு. கூடவே அவன் அம்மா வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து அங்கேயும் அழைத்தார்கள்.

பெனிக் அவனைக் கடைக்கு வரவழைத்தார். அடுத்த பருவத்துக் கட்டணத்துக்கான தவணையை அவர் இன்னும் கட்டியிருக்கவில்லை. மைலோவுக்கு அந்த ஒரு கவலைதான். ஒப்பந்தம் போனால் படிப்பு போயிற்று. அம்மாவின் சம்பளத்தில் அது நடக்காது.

"உக்காரு தம்பி. உன்னை அனுப்பிடுவேன்னு பயந்தியா? அடப்போடா. நேத்து ஒரே நாள்ல கடைக்கு எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? எல்லாரும் உன்னைத் திட்டத்தான் வந்தாங்க. திட்டிட்டு நாலு பேர் மெத்தை வாங்கிட்டுப் போனாங்க. நீ உள்ள உதைச்சப்ப ஒருத்தன் வரல."

புது விளம்பரத்தை அவர் விளக்கினார். கட்டிலில் மைலோ தூங்குகிறான். கனவில் உதைக்கிறான், பந்து வெளியே போகிறது. மறுபடி உதைக்கிறான், மறுபடி வெளியே. சிரித்துக்கொண்டே புரண்டு படுக்கிறான். "இப்படித் தோற்றவனே நிம்மதியாகத் தூங்குகிறான். உங்களுக்கென்ன?"

"சார், இது வேணாமே. டீம்ல எல்லாரும்..."

"வேணாம்னா விட்டுடலாம். கட்டாயமில்ல. நீயும் வேற வழி பாத்துக்கலாம், நானும் வேற ஆளைப் பாத்துக்கலாம்."

மைலோ அம்மாவுக்குப் போன் செய்தான். "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்கடா. படிப்பு முடிஞ்சா யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா?" என்றாள் அவள்.

படம்பிடிக்கப் போன அன்று, கனவுக் காட்சியில் பந்தை நிறுத்த க்ரேடி வந்திருந்தான். பெனிக் அவனுக்குத் தனியாகப் பணம் பேசியிருந்தார்.

"கோவிச்சுக்காதடா. நான் வரலன்னா வேற எவனாவது வந்திருப்பான்" என்றான் க்ரேடி.

"பந்தை எங்க வைக்கப் போற?"

"எங்க வச்சா என்னடா? எப்படியும் வெளியதான உதைக்கணும்."

விளம்பரம் ஊரையே பிடித்துக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகள் மைலோவைக் கண்டால் கன்னத்தில் கை வைத்துக் குறட்டை விட்டார்கள். ஜனவரியில் கோச் டீட்ஸ் அவனை அழைத்தார்.

"தோத்தது பரவாயில்ல மைலோ. தோத்துட்டுச் சிரிக்கிறவனை நான் டீம்ல வச்சுக்க முடியாது. மத்த பசங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"கோச், அந்த ஒப்பந்தத்தை நீங்கதானே..."

"மெத்தைக் கடைக்கும் எனக்கும் என்னடா சம்பந்தம்?"

பட்டியலிலிருந்து பெயர் போயிற்று. பெயர் போனதும் ஒப்பந்தம் தானாகவே முடிந்தது. யாரும் எதையும் மீறவில்லை. ஒரு பல்சக்கரம் அடுத்ததைத் தள்ளுவது போல எல்லாம் ஒழுங்காக நடந்தது. மைலோ கல்லூரியை விட்டு அம்மாவிடமே போய், அதே முதியோர் இல்லத்தில் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தான். விளம்பரம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் பெனிக் என் அலுவலகத்துக்கு வந்தார். இடைவேளைப் போட்டி ஒன்றுக்கு பாலிசி வேண்டுமாம். இந்தப் போட்டிகள் எல்லா அரங்கங்களிலும் உண்டு. பார்வையாளர் ஒருவரை இறக்கி ஒரே ஒரு உதை உதைக்கச் சொல்வார்கள், உள்ளே போனால் ஒரு வருடப் படிப்புச் செலவு பரிசு. அந்தப் பரிசைக் கடைக்காரர் தன் பையிலிருந்து கொடுப்பதில்லை. சிறு தொகை கட்டி இன்சூரன்ஸ் எடுத்துவிடுவார், ஜெயித்தால் கம்பெனி கொடுக்கும். கம்பெனி முட்டாள் இல்லை. கடந்த ஆறு வருடங்களில் கல்லூரி அணியில் ஆடியவர்களுக்குப் பரிசு கிடையாது என்று பாலிசியில் இருக்கும், போட்டியின் விதிகளிலும் அதையே சேர்க்கச் சொல்லும்.

"யாரை உதைக்க விடப்போறீங்க?" என்று கேட்டேன்.

"மைலோவைத்தான்."

"அவனுக்கு பாலிசி செல்லாதே, டெல்மர்."

"செல்லாட்டிப் போகுது. அப்ப எதுக்குக் கட்டணும்? விதியை மட்டும் அப்படியே போட்டுக்கறேன். உனக்குத் தொந்தரவு மிச்சம்."

முதல் ஆட்டத்தன்று வாசலிலேயே எல்லோருக்கும் ஒரு குட்டித் தலையணை கொடுத்தார்கள். மைலோ வெளியே உதைத்ததும் அதை மைதானத்துக்குள் எறிய வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். இடைவேளையில் மைலோ இறங்கினான். வேலையிலிருந்து விடுப்பு எடுத்து, பழைய ஷூவைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். "ஜெயித்தால் ஒரு வருடப் படிப்பு, விதிகளுக்கு உட்பட்டு" என்று ஒலிபெருக்கி சொன்னது. அரங்கம் முழுக்கக் குறட்டை விட்டது.

இந்தப் போட்டியில் பந்தை நிறுத்த ஆள் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் தாங்கி பிடித்துக்கொள்ளும். மைலோ அதில் பந்தை வைத்து, பின்னால் நடந்து, நின்று, ஓடி வந்து உதைத்தான். பந்து கம்பங்களுக்கு நட்டநடுவே, பின்னால் பந்தைத் தடுக்கக் கட்டியிருந்த வலைக்கும் மேலே போயிற்று.

மேல் வரிசையில் யாரோ ஊளையிட்டார். அது இறங்கி வந்து அரங்கம் முழுவதும் பரவியது. மடியில் தலையணையோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஏமாற்றிவிட்டது போல இருந்தது. எனக்கு இரண்டு வரிசை கீழே ஆர்வில், "இதை அன்னைக்கு உதைக்கத் துப்பில்ல!" என்று கத்தினார்.

பெனிக் ஓடிப்போய் மைலோவின் தோளில் கை போட்டார். அங்கே பேசியதை அடுத்த வாரம் என் அலுவலகத்தில் அவரே சொன்னார், எதையும் மறைக்கவில்லை.

"உள்ள போயிடுச்சு சார்" என்றானாம் மைலோ. மூச்சு வாங்கியதாம், கண்ணெல்லாம் ஈரமாம்.

"பாத்தேன் தம்பி. அழகா போச்சு. ஆனா ஒண்ணு. காலேஜ் டீம்ல ஆடினவங்களுக்குப் பரிசு கிடையாது. விதி அப்படி."

"அது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். நீ உள்ள உதைப்பன்னுதான் தெரியாது."

ஊளை அடங்குவதாக இல்லை. பெனிக் அவன் காதருகே குனிந்தார்.

"இங்க பாரு, கூட்டம் கோவமா இருக்கு. இன்னொரு தடவை உதை, இந்தத் தடவை வெளிய. ஐந்நூறு டாலர், இப்பவே கையில தரேன். கேமரா ஓடிட்டுதான் இருக்கு."

மைலோ கம்பங்களைப் பார்த்தான். அம்மா உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தான். பிறகு குனிந்து இன்னொரு பந்தை எடுத்துத் தாங்கியில் வைத்தான்.

"எந்தப் பக்கம் சார்?"

"வலப்பக்கம் தம்பி. கேமரா அங்கதான் இருக்கு."

தலையணைகளைப் பொறுக்கி முடிக்க நேரமானதால் அன்று இரண்டாம் பாதி தாமதமாகத்தான் தொடங்கியது.