கடல்நீரைப் பற்றி மகளுக்கு வாசித்தது

1

என் மகள் ஷிரின் என் குரலைப் பாதியில் நிறுத்தினாள். இந்தக் கதை பிறந்தது அதனால்தான். நிறுத்தியதோடு விட்டிருந்தால் கோபித்துக்கொண்டு ஒரு கவிதை எழுதிவிட்டுப் போயிருப்பேன். அவள் காரணமும் சொன்னாள்.

முதல் வரியாக வேறொன்றை வைத்திருந்தேன்: "2007 ஜூலையில் ஷார்ஜாவின் வானம் ஒரு" [ஒரு என்ன என்று ஒரு வாரம் யோசித்தேன். ஜூலையில் இங்கே யாரும் வானத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. விட்டுவிட்டேன்.]

என் பெயர் முகம்மது ரிபாய். கீழக்கரைக்காரன். ஷார்ஜாவில் ரோலா பகுதியில் வீடு, உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதும் வேலை. கடல்நீர் குடிநீரான வரலாற்றைத் தமிழில் புத்தகமாக எழுதியிருக்கிறேன். கேள்விப்பட்டதில்லையா? வருந்த வேண்டாம், கீழக்கரையும் கேள்விப்படவில்லை. பிரதிகள் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. [கட்டில் முன்பெல்லாம் ஆடும். இப்போது ஆடுவதில்லை.]

ஷிரினுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. இங்கேயே பிறந்து ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். செப்டம்பரில் மேல்படிப்புக்கு மான்செஸ்டர் போகிறாள். அதற்குள் வாப்பா எழுதிய புத்தகத்தை அவள் ஒருமுறையாவது முழுதாகக் கேட்டுவிட வேண்டும். இந்தக் கதையில் எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. அவளுடைய ஐபாடில் எந்நேரமும் ஆங்கில ஒலிப்புத்தகங்கள் ஓடும். நாவல் அல்ல, எறும்பு, மூளை, பொருளாதாரம். அந்த வரிசையில் கடல்நீருக்கும் இடம் இருக்கும் என்று நம்பி, நானே வாசித்துப் பதிவுசெய்தேன்.

2

முதல் அத்தியாயத்தில் அவள் நிறுத்தினாள்.

"வாப்பா, நாவல் வாசிக்கிறவங்க ஆக்ட் பண்ணலாம். நான்ஃபிக்‌ஷன்ல ஆக்ட் பண்ணா பொய் சொல்ற மாதிரி இருக்கு. கொதிகலன்னு சொல்றப்ப ஏன் அழுவுறீங்க?"

"அழுவல. அது உணர்ச்சி."

"கொதிகலனுக்கா?"

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

"நம்பர் வந்தா மெதுவா வாசிக்கணும். நீங்க நம்பரைப் பாத்தாலே ஓடுறீங்க. ஆஃபீஸ்லயும் இப்படித்தானா? அப்புறம், அடைப்புக்குறி ஆரம்பம், அடைப்புக்குறி முடிவுன்னு யாராச்சும் வாசிப்பாங்களா?"

"புக்ல இருக்கறத விட்டுட்டா எப்படிம்மா?"

"எழுதினவங்களே வாசிக்கக் கூடாது வாப்பா. ஒவ்வொரு லைன் முடிஞ்சதும் கைதட்டலுக்கு வெயிட் பண்றாங்க."*

அவளுக்குப் பிடித்த எறும்பு நூலை வாசித்தவருக்கு எறும்பைப் பற்றி ஒன்றும் தெரியாதாம். கேட்பவரோடு சேர்ந்து அவரும் கற்றுக்கொள்வதுபோல் வாசிப்பாராம். எனக்கும் என் பொருளைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நூலாசிரியன் கௌரவம் தடுத்துவிட்டது.

* இது அபாண்டம். சில வரிகளுக்கு மட்டும்தான்.

3

முதல் வரைவில் இந்த இடத்தில் தியாகு என்றொரு நண்பர் வந்து ஒலியும் எழுத்தும் பற்றி இரண்டு பக்கம் பேசினார். எனக்கே தூக்கம் வந்தது. விசாவை ரத்துசெய்து ஊருக்கு அனுப்பிவிட்டேன். கலாஸ், அவர் கதை முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை இரண்டாம் அத்தியாயம். கீழே தெருவில் "துபாய், துபாய்" என்று வண்டிக்காரர்கள் கூவுவது ஒலிவாங்கியில் விழுந்தது. கட்டில்மேல் உட்கார்ந்து தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசித்தேன். நன்றாக வந்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஷிரின் அதைக் கணினி ஸ்பீக்கரில் போட்டாள், என் பிழைகளை நானே கேட்க வேண்டுமாம். என் குரல் கிசுகிசுத்தது: "உப்பை மட்டும் எப்படிப் பிரிக்கிறது?" பிறகு சத்தமே இல்லை. வெகுநேரம் கழித்து, இன்னும் தணிந்து, "கொதிக்க வச்சுப் பாக்கலாமா?" மறுபடி சத்தமில்லை.

"ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு வாப்பா."

[ஜொஹராவை இந்தக் கதைக்குள் விட வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் மனைவி உள்ளே வந்தால் கதை அவள் பக்கம் போய்விடும். வந்தேவிட்டாள்.]

மீன் அரிந்த கையோடு ஓடிவந்தாள். முகம் சிவந்திருந்தது.

"இதைப் போயி புள்ளைக்குப் போட்டுக் காட்டுறீகளே!"

"கடல்நீர் ஜொஹரா. ரெண்டாம் அத்தியாயம்."

"எனக்குத் தெரியாதா இந்தக் குரல?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. குடும்பத்தை அழைத்துவர வசதியில்லாத காலத்தில், துபாய் தேராவில் ஒரே அறையில் ஒரு கூட்டமே இருந்தோம். ஊருக்குக் கேசட்டில் பேசித்தான் அனுப்புவோம். மற்றவர் காதில் விழாமல் இருக்கப் போர்வைக்குள் கிசுகிசுப்போம். ஒரு கேள்வி கேட்டால், அங்கே அவள் பதில் சொல்வதற்கு நேரம் விட்டு, அப்புறம்தான் அடுத்த பேச்சு. போர்வை தலைமேல் விழுந்ததும் வாய் தன் பழைய வேலையைப் பார்த்திருக்கிறது.

"ஃபைல் நல்லாத்தான் இருக்கு. நான் பதில் சொல்ல எடம் விட்டிருக்காக" என்றாள் ஜொஹரா மகளிடம்.

"டேப்ரெக்கார்டர்ட்ட நீங்க பதில் பேசுவீங்களா உம்மா?"

"பேசாம? ஒருநாள் என் மாமி கேட்டுட்டு, மருமகளுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு ஓதிப் பாக்க ஆளக் கூட்டியாந்துட்டாக."

4

இங்கே ஷிரின் விழுந்து விழுந்து சிரிப்பதாக ஒரு முடிவு எழுதினேன். சிரித்து முடித்துவிட்டு, அன்றைக்கே புத்தகம் முழுவதையும் கேட்டுவிட்டு, "வாப்பா, நீங்கள் ஒரு" [இதற்குமேல் எழுதக் கூச்சமாக இருந்தது.]

நடந்தது வேறு. அவள் சிரிக்கவில்லை.

"இந்த வாய்ஸ் எனக்குத் தெரியவே தெரியாது. என்கிட்ட நீங்க இப்படிப் பேசினதே இல்லையே வாப்பா."

"நீ பக்கத்து ரூம்லயே இருந்தியேம்மா."

"அதான்" என்றாள்.

எனக்கு வலித்தது. உவமை தேடாமல் அப்படியே எழுதிவிடுகிறேன்.

"மிச்சத்த இப்ப ரெக்கார்ட் பண்ணாதீங்க" என்றாள். "நான் போனப்புறம் அனுப்புங்க. இதே வாய்ஸ்ல. கடல்நீர் பத்தி இருந்தாலும் பரவால்ல."

செப்டம்பரில் போய்விட்டாள். தொலைபேசியில் படிப்பு, குளிர், சாப்பாடு என்பதற்குமேல் எங்களுக்குப் பேச வரவில்லை. மூன்றாம் அத்தியாயம் குழாய்களில் படியும் சுண்ணாம்பைப் பற்றியது. கணினிமுன் உட்கார்ந்திருக்கிறேன். சுண்ணாம்பை வாசிப்பதா? நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை என்று சொல்வதா?

முடிவை என்னால் எழுத முடியவில்லை. நான் சுண்ணாம்பைத்தான் வாசிப்பேன் என்கிறாள் ஜொஹரா. அவள் சொல்வது பொய்யாகிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நானும் உங்கள் பக்கம்தான்.