நடுப்பகல் விமானத்தில் ஒரு வெளிநடப்பு

குடும்பத்தில் சித்தப்பாவுக்கு ‘வெளிநடப்பு’ என்று ஒரு பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவர் ஓர் அறைக்குள் நுழைந்தால் போதும், கதவுக்குப் பக்கத்து நாற்காலியை யாராவது காலிசெய்து கொடுத்துவிடுவார்கள். பெயர் சும்மா வரவில்லை. அண்ணனின் மூத்த மகள் கல்யாணத்தில், குடும்பப் புகைப்படத்துக்குத் தன்னைக் கூப்பிடவில்லை என்று, கையில் வாங்கிய காபியைக்கூடக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனவர் அவர். அன்றோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது.

இப்போது இளைய மகளுக்குக் கல்யாணம். அழைக்க அவளே வந்தாள். சித்தப்பா லிப்ட் மெக்கானிக். ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் லிப்ட் கூண்டுக்கு மேலே உட்கார்ந்து கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர், கீழேயிருந்து வந்த குரலுக்கு எட்டிப் பார்த்தார்.

“உங்க அப்பா கூப்பிட்டாரா?”

“நான் கூப்பிடறேன். போதாதா?”

“போதும்மா.”

“வந்தா மட்டும் பத்தாது. கடைசி வரைக்கும் இருக்கணும். பாதியில எழுந்து போனீங்க, கல்யாணக் கோலத்தோட உங்க பின்னாடியே ஓடி வந்துடுவேன். சத்தியம் பண்ணுங்க.”

இறங்கி வந்து, எண்ணெய்க் கையோடு சத்தியம் செய்தார். அவள் உள்ளங்கையில் கறை பட்டது. அதைத் துடைக்காமலே போனாள்.

மாப்பிள்ளை ஊர் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம். சாலை வழியாகப் போனால் ஓர் இரவு முழுக்க ஆகும். பெரிய விமானங்கள் இந்த ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஓடுதளம் குட்டை, ஏற ஆளும் குறைவு. போன மாதம்தான் ஒரு விமான நிறுவனம் குட்டி ஜெட்களை வாங்கி, அதுவரை யாரும் சீந்தாத ஊர்களை ஒன்றோடொன்று கோக்க ஆரம்பித்திருந்தது. காலையும் மாலையும் அந்த விமானங்களுக்குப் பெரிய ஊர்களில் வேலை. இடையில் மிஞ்சும் நடுப்பகல்தான் இந்த ஊருக்கு. மிச்சமோ சொச்சமோ, ஊருக்கு வாயெல்லாம் பல். அண்ணி முதுகுவலிக்காரர் என்பதால் அண்ணன் மொத்தக் குடும்பத்துக்கும் விமானத்திலேயே டிக்கெட் போட்டார். தம்பிக்கும் போட்டார். அதை மகள் மூலமாகத்தான் சொல்லியனுப்பினார்.

உள்ளே நடைவழிக்கு இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள். மாமா ஏறும்போதே கூரையில் தலையை இடித்துக்கொண்டார்.

“இது விமானமா, பென்சில் டப்பாவா?”

“பென்சில் எல்லாம் பேசாம உள்ள போய்ப் படுக்கும். நீங்களும் போங்க” என்று பின்னாலிருந்து அத்தை தள்ளினார்.

சித்தப்பாவுக்கு வழக்கம்போல் கதவை ஒட்டிய வரிசை. பக்கத்தில் கல்யாணப் பெண் வந்து உட்கார்ந்தாள். துணைக்கா காவலுக்கா என்று அவர் கேட்கவில்லை.

கதவு சாத்தப்படவே இல்லை. வெளியே ஓடுதளம் வெயிலில் நெளிந்தது, தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல. கொஞ்ச நேரத்தில் விமானியே தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். இளம்பெண். நெற்றியில் வியர்வை.

“மன்னிக்கணும். நாங்க நினைச்சதைவிட வெயில் அதிகம். சூட்டுல காத்து லேசாயிடும், இறக்கைக்குப் பிடிமானம் குறையும். ஓடுதளமும் சின்னது. இந்த எடையோட கிளம்ப முடியாது. ரெண்டு பேர் இறங்கினாப் போதும், நாளைக்கு இதே நேரத்துக்கு அனுப்பிடறோம். இல்லேன்னா பெட்டிங்கள்ல கொஞ்சத்தை இறக்கணும். அது நாளைக்கு வரும்.”

“வெயில் தணிஞ்சதும் போலாமே?” என்றார் அண்ணன்.

“சாயங்காலம் இந்த விமானம் வேற ஊருக்குப் போகணும் சார்.”

கீழே இருந்த பெட்டிகளில் முக்கால்வாசி கல்யாணப் பெட்டிகள். அண்ணி முன்வரிசையில் எழுந்து நின்றார். “கல்யாணம் நாளைக்குக் காலையில. கல்யாணத் துணி மொத்தமும் அந்தப் பெட்டிங்கள்ல இருக்கு. மத்தியானம் வந்து என்ன செய்ய, கொடியில காயப்போடவா?”

“மாமா ஒருத்தர் இறங்கினாப் போதும், ரெண்டு பேர் கணக்கு நேராயிடும்” என்றது ஒரு குரல்.

“நான் பார்க்கத்தான் இப்படி. எல்லாம் எலும்பு கனம்.”

“வாய்க் கனம்” என்றார் அத்தை.

சிரித்தார்கள். பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் வைத்தியத்துக்குப் போகும் பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். மற்றவர்கள் கூரையை ஆராய்ந்தார்கள். சித்தப்பாவுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். லிப்டில் எடை கூடி மணி அடித்ததும் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் மேலே பார்ப்பார்கள்.

தான் இறங்கினால் என்ன? ஒண்டிக்கட்டை. மத்தியானப் பஸ்ஸில் ஏறினால் விடிவதற்குள் போய்விடலாம். ஆனால் எழுந்தால் என்ன பேசுவார்கள் என்பதும் தெரியும். உட்கார்ந்தே இருந்தால், இந்தப் பெண் நாளைக்கு யாருடைய துணியையோ இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு நிற்பாள். எழுந்தால், சத்தியத்தையும் மீறிப் போனவன் என்ற பேர் ஆயுசுக்கும் நிற்கும்.

எழுந்தார்.

முன்வரிசையிலிருந்து அண்ணன், திரும்பாமலே, காற்றைப் பார்த்துச் சொன்னார்: “தெரியும். ஏறும்போதே நினைச்சேன்.”

பெண்ணின் கை அவர் சட்டைக் கையைப் பிடித்தது. “சித்தப்பா, சத்தியம் பண்ணீங்க.”

பழைய சூடு விறுவிறுவென்று தலைக்கு ஏறியது. இப்போது நிஜமாகவே கோபித்துக்கொண்டு போய்விடலாம் போலிருந்தது. அதுதான் அவருக்குப் பழகிய வழி. இரண்டே எட்டில் கதவு.

அவர் தலைக்கு மேலிருந்த தன் பையை இறக்கி அவள் மடியில் வைத்தார்.

“இதுல என் புதுச் சட்டை இருக்கு. நாளைக்குப் போட்டுக்கறது. மடிப்புக் கலையாம வெச்சுக்கோ. கோவிச்சுக்கிட்டுப் போறவன் எவனாவது பையைக் கொடுத்துட்டுப் போவானா? பஸ்ல வர்றேன்.”

அவள் பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கையை விட்டாள்.

“இன்னும் ஒருத்தர்?” என்றார் விமானி.

மறுபடி கூரை. அண்ணி கணவரின் தோளைத் தட்டினார்.

“எழுந்திருங்க.”

“நானா? பொண்ணோட அப்பாடி நான்!”

“அங்க இன்னிக்கு உங்களுக்கு என்ன வேலை? மண்டபத்துக்காரனைத் திட்டணும், சமையல்காரனைத் திட்டணும். அதை உங்களைவிட நான் நல்லாவே செய்வேன். அவர் தனியா வந்தா, வழி முழுக்க ‘வரமாட்டான், வரமாட்டான்’னு எங்க உயிரை எடுப்பீங்க. கூடவே இருந்து கூட்டிட்டு வாங்க.”

அண்ணன் எழுந்தார். “அவனுக்காக ஒண்ணும் இறங்கலை. பெட்டிக்காக” என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

வேலிக்குப் பின்னால், ஆளுக்கு ஒரு கம்பத்தடியில் நின்று பார்த்தார்கள். குட்டி ஜெட் ஓடியது, ஓடியது, ஓடுதளம் முடிகிற இடத்தில், படுக்கையை விட மனமில்லாத பிள்ளைபோல் எழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அது தெரிந்ததும் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் கிடைத்ததோ பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஊர் எல்லை தாண்டியபிறகு அண்ணன் வாயைத் திறந்தார்.

“தண்ணி இருக்கா?”

“பையில இருக்கு.”

“பை?”

சித்தப்பா விரலை வானத்தை நோக்கிக் காட்டினார். அண்ணன் சிரிக்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். முடியவில்லை, சிரித்துவிட்டார். அதோடு நிற்காமல் பேச்சு தொடர்ந்து, போகக்கூடாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

“பெரியவ கல்யாணத்துல போட்டோக்காரன் உன்னைத் தேடினான்டா. நீ எங்க தொலைஞ்சே?”

“மண்டப லிப்ட் நின்னுபோச்சு. உள்ள ஆள் மாட்டிக்கிட்டாங்க. திறந்துவிட்டுட்டு வந்தா, நீங்க எல்லாரும் வரிசையா சிரிச்சுட்டு நிக்கறீங்க.”

“அதைச் சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?”

“நீங்க கேட்டீங்களா?”

“நீ இருந்தாத்தானேடா கேக்கறதுக்கு! எழுந்து போறது ஒண்ணுதானே உனக்குத் தெரியும்!”

சித்தப்பா எழுந்தேவிட்டார். அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்றது. கதவு திறந்தது. வெளியே மரத்தடி, ஒரு பெட்டிக்கடை, எதிர்த்திசைப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நாலு பேர்.

“இறங்கறீங்களா சார்?” என்றார் கண்டக்டர்.

அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடி, முன் இருக்கையின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இல்லப்பா. கால் மரத்துப்போச்சு” என்றார் சித்தப்பா. இரண்டு முறை காலை உதறினார். உட்கார்ந்தார்.

கதவு மூடிக்கொண்டது. பஸ் மலை ஏறத் தொடங்கியது. இரண்டு மூன்று வளைவுகள் கழிந்தபிறகுதான் அண்ணனின் கை கம்பியை விட்டது.

“லிப்ட்ல யாருடா மாட்டிக்கிட்டது?”

“உங்க சம்பந்தியம்மா.”

அண்ணன் அதை மனத்தில் நன்றாக ஓட்டிப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்ச நேரம் உள்ளயே விட்டு வெச்சிருக்கலாம்” என்றார்.