மௌனத்துக்கு வெயிட்டிங் சார்ஜ்

டாக்சி நிறுத்தத்தில் அவருக்கு மீட்டர் அண்ணன் என்று பெயர். மீட்டருக்கு மேல் ஒரு காசு வாங்கமாட்டார். கீழே ஒரு காசு இறங்கவும் மாட்டார். "பாத்துக் குறைச்சுக்குங்க" என்று யாராவது ஆரம்பித்தால், போகிற இடம் வந்த பிறகும் அந்த ஆளை முறைத்துக்கொண்டிருப்பார்.

அப்பேர்ப்பட்டவர் மூன்று மாதமாக ஆற்றுப் பாலத்தைக் கண்டால் ஸ்டியரிங்கைத் திருப்பிவிடுகிறார். பாலத்தின் நடுவில் ஒரு லாரி அவர் வண்டியைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து உரசிவிட்டுப் போனது. வண்டிக்கு நாலு கீறல், அவருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். வண்டி சரியாகிவிட்டது.

இப்போது பாலம் தெரிந்தாலே உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது. அதனால் ஆறு கிலோமீட்டர் சுற்றித் தரைப்பாலம் வழியாகப் போகிறார். சுற்றுகிற தூரத்துக்கு மீட்டரை நிறுத்திவிடுவார். நேர்மைதான், ஆனால் நேர்மைக்கு யாரும் பெட்ரோல் போடுவதில்லை.

"அப்பா, நீங்க தெரபிக்குப் போகணும்" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

"எவ்வளவு தூரம்?"

"போன்லயேப்பா."

"அப்புறம் என்ன 'போகணும்'?"

மகள் கட்டண விவரத்தை வாசித்தாள். ஐம்பது நிமிடத்துக்கு, அவர் கணக்கில், ஏழு சவாரிக் காசு.

"டயர் தேயல, பெட்ரோல் எரியல, ஏழு சவாரியா?"

"அவங்க படிச்சிருக்காங்கப்பா. இன்னொண்ணு, ஒரு நாள் முன்னாடி சொல்லாம வராம இருந்தா முழுக் காசும் போயிடும்."

"வராத சவாரிக்கும் காசா!" அந்தத் தொழிலின் மேல் அவருக்கு முதல்முறையாக மரியாதை வந்தது.

முதல் சந்திப்புக்கு, நிறுத்தத்துக்குப் பின்னால் மர நிழலில் வண்டியைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, போனைத் தாங்கியில் மாட்டினார். திரையில் ஆலோசகர் வந்தார். மகளுக்கு அக்கா வயதிருக்கும். வணக்கம் சொன்ன கையோடு மீட்டர் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். லாரியின் நிறம், சரக்கு, டயரின் தேய்மானம், சாலைத் துறையின் லட்சணம் என்று இருபது நிமிடம். ஏழு சவாரிக் காசில் ஒரு நொடியையும் சும்மா விடுவதாக இல்லை.

"கொஞ்சம் மூச்சு விட்டுக்குங்க."

"அதுக்கும் காசு ஓடுமே மேடம்."

"அது என்ன, அப்பப்ப டிக்குன்னு ஒரு சத்தம்?"

அவர் திரும்பிப் பார்த்தார். மீட்டர் வெயிட்டிங்கில் ஓடிக்கொண்டிருந்தது. கை பழக்கத்தில் தானாகப் போட்டிருக்கிறது.

"மீட்டர் மேடம்."

"யாருக்கு ஓடுது?"

யோசித்துப் பார்த்தார். வண்டியில் அவரைத் தவிர யாரும் இல்லை. "எனக்குத்தான் போல" என்றார்.

ஆலோசகர் சிரித்துவிட்டார். "இன்னைக்கு மட்டும் அணைச்சிடலாமா?"

அணைத்தார். வண்டிக்குள் இவ்வளவு அமைதி இருந்தது அவருக்கே தெரியாது. சொல்வதற்கு இருந்த டயரெல்லாம் தீர்ந்துவிட்டது. கொஞ்சம் கழித்து, "அன்னைக்குப் பின் சீட்டுல இருந்தது என் மக" என்றார். அதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதன் பிறகு நாலு நிமிடம் இரண்டு பேரும் பேசவில்லை. அந்த நாலு நிமிடத்தை அவர் கணக்குப் பார்க்கவும் இல்லை.

ஆனால் முடிவில், "வாரம் ஒரு தடவை, ஆறு வாரம் பாப்போம்" என்று ஆலோசகர் சொன்னதும் நாற்பத்திரண்டு சவாரி கண்முன் வரிசையில் நின்றன. "யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்றார். இனி வரவே போகாதவர்கள் சொல்கிற வசனம் அது.

வீட்டில் மகள் விடவில்லை. "கட்டணத்துக்குக் கீழயே போட்டிருக்கே, வருமானத்துக்கு ஏத்த மாதிரி குறைச்சுக்குவாங்கன்னு. கேளுங்க."

"பேரமா? நானா?"

"சரி, சுத்திப் போறதுக்கு வாரம் எவ்வளவு பெட்ரோல்?"

அவர் சொன்னார். மகள் வகுத்துப் பார்த்தாள். "ஒன்பது சவாரிக் காசு. மேடமாவது உங்க பேச்சைக் கேக்கறாங்க. பாலம் ஒரு வார்த்தை கேக்காம ஒன்பது வாங்குது."

அரை மணி நேரம் மென்று முழுங்கி ஒரு செய்தி தட்டினார்: "மேடம், உங்க ஃபீஸ் எனக்கு ஏழு சவாரிக் காசு. கொஞ்சம் பாத்துக் குறைச்சுக்க முடியுமா?" அனுப்பிவிட்டு, தன்னைத் தானே நடுவழியில் இறக்கிவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: "தாராளமா. நாலு சவாரி போதுமா?"

இரண்டாம் வாரம் பாலத்தடியில் வண்டியை நிறுத்திச் சும்மா பார்த்துவிட்டு வரச் சொன்னார் ஆலோசகர். மூன்றாம் வாரம் நடந்து ஏறினார். நாலாம் வாரம் மகளோடு நடுப்பாலம் வரை நடந்தார். அவள் வழியெல்லாம் சுவரில் தட்டித் தட்டி, "ஸ்ட்ராங்கா இருக்குப்பா" என்று சான்றிதழ் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

ஐந்தாம் வாரம், ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் ஒருவர் ஏறினார். "பாலத்துலயே போயிடுங்கண்ணே."

போனார். இரண்டாவது கியரில், உள்ளங்கை நனைய, பின்னால் பத்து வண்டிகள் ஹாரன் அடிக்க, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி போனார். பாலம் முடிந்தது. மூச்சு தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

நிலையத்தில் அந்த ஆள் மீட்டரைப் பார்த்தார். "உருட்டிக்கிட்டே வந்ததுல ஏறிடுச்சே. பாத்துக் குறைச்சுக்குங்கண்ணே."

மீட்டர் அண்ணன் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "தாராளமா" என்றார்.

அடுத்த நிமிடம் மகளுக்குப் போன் போட்டார். "பாலத்துல வந்துட்டேன்மா. சவாரி வந்தவரு காசைக் குறைக்கச் சொன்னாரு, குறைச்சுட்டேன்."

"நீங்களா?" மறுமுனையில் மகள் திடுக்கிட்டாள். "அப்பா, உடனே மேடத்துக்கிட்ட சொல்லுங்க. கொஞ்சம் ஓவராவே குணமாயிட்டீங்க."