பர்மாத் தேக்கும் மலாயா மரமும்

ஊர்காவற்றுறைக்கு மரம் வந்து இறங்கினால் ஞானசவுந்தரி கேட்பது ஒன்றுதான்: "பர்மா மரமோ, மலாயா மரமோ?" பர்மா என்றால் முகம் மலரும். மலாயா என்றால் அன்று அடுப்பு மூட்டவும் மனம் வராது. மரப் பைத்தியம் என்று ஊர் சிரித்தது. சிரிக்கிறவர்களுக்கு என்ன, அவர்களுடைய புருசன்மார் வீட்டில் இருக்கிறார்கள்!

அவளுடைய புருசன் அப்புத்துரை ஐம்பத்தேழில் தேக்கு வாங்கப் பாய்க்கப்பலில் பர்மாவுக்குப் போனவர். அவரும் திரும்பவில்லை, கப்பலும் திரும்பவில்லை. கப்பல் மூழ்கியதற்குச் சாட்சி இல்லாததால் அவள் தாலியைக் கழற்றவில்லை. பர்மாவிலிருந்து மரம் வந்துகொண்டிருக்கும்வரை அவரும் வரலாம் என்று நம்பினாள்.

முதலில் பர்மாத் தேக்கு கரையை அடைத்துக் கிடந்தது. மலாயா மரத்தைச் சீண்டுவாரில்லை. பிறகு இரண்டும் சரிக்குச் சரி. அறுபத்துமூன்றுக்குப் பிறகு பர்மா மரம் அரிதாகி, கொழும்பிலிருந்து லொறி லொறியாக மலாயா மரமே வந்தது. மற்றவர்களுக்கு அது வியாபாரம். அவளுக்கோ அவர் வரும் வழி அடைபடுவதாக இருந்தது. நடுமத்தியானத்தில் அண்ணன் கதிர்காமு மரம் அடுக்கி விற்கும் மரக்காலைப் பக்கம் போனால், மர வாசத்தோடு புருசனுடைய சுருட்டு வாசமும் வந்தது. பயந்துகொண்டேதான் போவாள். போகாமல் இருக்கவும் முடியவில்லை.

எழுபதில் மகள் மனோகரிக்குக் கலியாணம் பேசி, சீதன வீட்டுக்கு வாசல் நிலை வைக்க நாள் பார்த்தார்கள்.

"மலாயா மரத்திலை வைப்பம், தங்கச்சி. பர்மாத் தேக்கு இனி எடுக்க ஏலாது," என்றார் கதிர்காமு.

"அவர் வந்து நுழையிற வாசல், அண்ணை. அடுக்கைப் பிரட்டிப் பாருங்கோ, அடியிலை ஒண்டாவது கிடக்கும்."

"அதுக்குள்ளை ஒண்டுமில்லை!"

அண்ணன் அப்படிக் கத்துகிற ஆளில்லை. ஞானசவுந்தரி சேலைக் கொய்யகத்தைச் செருகிக்கொண்டு நேரே மரக்காலைக்குப் போய், வேலையாட்களைக் கொண்டு மலாயா மரங்களைப் புரட்டுவித்தாள்.

அடியில் ஒரு தேக்கு கிடந்தது. பட்டையெல்லாம் கடற்சிப்பி. வெட்டு முகத்தில் ஆழமாக ஒரு வேல். தான் வாங்கும் மரத்திலெல்லாம் அப்புத்துரை தன் கையால் வெட்டும் அடையாளம் அது.

கதிர்காமு தலையில் கைவைத்து இருந்துவிட்டார். "அந்த வருசமே நெடுந்தீவிலை கரையொதுங்கினது. விக்கவும் மனமில்லை, உனக்குக் காட்டவும் மனமில்லை. உன்ரை தாலியைக் கழட்டெண்டு நான் எப்பிடிச் சொல்லுவன்?"

அவள் அழவில்லை. "இவர் இஞ்சைதான் கிடந்தவர். நான் கடலைப் பாத்துக்கொண்டு நிண்டனான்," என்றாள். பிறகு சொன்னாள்: "பிள்ளையின்ரை வாசலுக்கு மலாயா மரத்தை அறுங்கோ. இவரை வீட்டுக்குக் கொண்டு வாங்கோ."

முற்றத்தில் தலைமாடு தெற்கே இருக்க மரத்தைக் கிடத்தி, வேட்டி போர்த்தினார்கள். பர்மாத் தேக்கைச் சுடலையில் எரிப்பதா என்று ஊர் வாயைப் பிளந்தது. கலியாணம் தள்ளிப்போகும் என்று கதிர்காமு கெஞ்சினார்.

"போகட்டும், மாமா," என்றாள் மனோகரி.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. கைநிறைய அரிசியோடு மனோகரி மரத்தைச் சுற்றிப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"அம்மா, அப்பாவுக்கு வாய் எது?"

ஞானசவுந்தரி மகளின் கையைப் பிடித்து, அந்த வேல் வெட்டுக்குள் அரிசியை நிரப்பினாள். பிறகு தாலியைக் கழற்றி மரத்தின்மேல் வைத்துவிட்டு, அதைக் கட்டிப்பிடித்து ஓலமிட்டு அழுதாள்.