சராசரிக்குக் கீழே

நூற்று ஐம்பத்திரண்டு வாங்கிய ஸ்வீட்லின் எப்படி உள்ளே போனாள்? ஹெப்சிபாவுக்கு விளங்கவே இல்லை.

அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார மேற்படிப்பில் சென்ற ஆண்டு சேர்ந்தவர்கள் நுழைவுத் தேர்வில் வாங்கிய கணக்கு மதிப்பெண்ணின் சராசரி நூற்று அறுபத்தொன்று என்று அதன் இணையதளத்தில் போட்டிருந்தது. ஹெப்சிபா வாங்கியது நூற்று ஐம்பத்தாறு. அவளுக்கும் கீழே வாங்கிய ஸ்வீட்லின், பாளையங்கோட்டையில் கோயில் பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடியவள், இப்போது அந்த வகுப்பில் இருக்கிறாள்.

விண்ணப்பிக்க இன்று சாயங்காலம் கடைசி. எல்லாம் நிரப்பியாகிவிட்டது. அப்பா சரி என்றால் அனுப்பிவிடலாம்.

அப்பா பாக்கியசீலன் தாலுகா ஆபீஸ் கிளார்க். இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுபோல அவருக்கும் ஒரே எண்தான் தெரியும்: கட்-ஆஃப். பிளஸ் டூ முடிவு வந்தால் பஸ்ஸிலும் கோயில் வாசலிலும் அதைத்தான் கேட்பார்கள். அரை மதிப்பெண்ணில் கால்நடை மருத்துவம் கைவிட்டுப் போனபின், ஹெப்சிபா ஒரு மாதம் யாரிடமும் பேசாமல் கிடந்ததை அவர் பார்த்தவர்.

"அரை மார்க்குக்கே கதவச் சாத்துனாங்க. இங்க அஞ்சு கம்மி. இன்னொரு தடவ உன்ன அப்படிப் பாக்க என்னால முடியாதும்மா" என்றார். ஸ்வீட்லினுக்கு அங்கே யாரோ ஆள் இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

ஹெப்சிபா ஸ்வீட்லினுக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டாள்.

"ஏட்டி, எனக்கு ஆள் இருந்தா நான் ஏன் இங்கன ஹோட்டல்ல பாத்திரம் கழுவுதேன்?" என்று சிரித்தாள் ஸ்வீட்லின். அந்தப் படிப்பில் சென்ற ஆண்டு சேர்ந்தவர்களே மொத்தம் நாலு பேர்தானாம். இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்த இருவரும் நூற்று அறுபத்தொன்பது, நூற்று அறுபத்தெட்டு. நர்ஸ் வேலை பார்த்த ஒருத்தி நூற்று ஐம்பத்தைந்து. நாலாவது ஸ்வீட்லின்.

ஹெப்சிபா நாலையும் கூட்டினாள். அறுநூற்று நாற்பத்து நாலு. நாலால் வகுத்தாள். சரியாக நூற்று அறுபத்தொன்று. ஆனால் அந்த நாலு பேரில் ஒருவர்கூட நூற்று அறுபத்தொன்று வாங்கவில்லை. இரண்டு பேர் மேலே, இரண்டு பேர் கீழே, எண் மட்டும் யாருமில்லாத நடுவில் நிற்கிறது.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இன்னொரு பல்கலைக்கழகத்தில் சராசரி நூற்று ஐம்பத்தெட்டு என்று கண்டு, இரண்டு குறைகிறதே என்று அவளாகவே விட்டிருந்தாள். அதன் கடைசித் தேதி போன வாரமே போய்விட்டது. இனி யாரிடம் போய்ச் சொல்ல?

அப்பாவிடம் கணக்கைக் காட்டினாள். அவர் ஒருமுறை தானும் கூட்டிப் பார்த்தார்.

"அப்போ கெடச்சிருமா?"

"தெரியலப்பா. என்னவிட மேல வாங்கினவங்களையும் வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். அது இந்தச் சராசரில தெரியாது."

அப்பா இன்னொரு தடவை கணக்கைப் பார்த்துவிட்டு, "அனுப்பு" என்றார். அனுப்பினாள்.

கட்-ஆஃப் என்றால் அதற்குக் கீழே யாரும் சேர்ந்திருக்க முடியாது. சராசரி என்றால் அதற்குக் கீழேயும் ஆட்கள் சேர்ந்திருப்பார்கள். அதனால் சராசரிக்குக் கொஞ்சம் கீழே இருப்பவரும் விண்ணப்பிக்கலாம்.